"ஒண்டுமில்லை" என்ற பதிலின் வரலாறு

நெஞ்சு படபடக்குது, மூச்சு முட்டுது, கை விறைக்குது, செத்துப்போயிடுவன் போல கிடக்கு. பதறியடித்துப் போய் ஈசிஜி எடுத்தால், "ஒண்டுமில்லை, வீட்ட போங்கோ" என்கிறார்கள். எங்களுக்குள்ளேயே இப்படித் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். இந்த "ஒண்டுமில்லை"க்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் பிலடெல்பியாவின் இராணுவ வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்தவர் ஜேக்கப் மென்டெஸ் டா கோஸ்டா. நெஞ்சு நோ, படபடப்பு, மூச்சுத்திணறல் என்று சிப்பாய்கள் அவரிடம் வந்துகொண்டே இருந்தார்கள். பலருடைய இதயத்தில் பழுது எதையும் காணவில்லை. ஆனாலும் அவர்களைப் பொய்க்காரர் எண்டு அவர் தள்ளிவிடவில்லை. ஏறத்தாழ 300 பேரைப் பற்றிய குறிப்புகளோடு 1871இல் கட்டுரை எழுதி, "எரிச்சலுற்ற இதயம்" என்று பெயர் வைத்தார். முதலாம் உலகப் போரில் அது "சிப்பாயின் இதயம்" ஆனது. இடையில், 1895இல், பதகளிப்பைத் தனி நோயாகப் பிரித்து ப்ராய்ட் எழுதியிருந்தார். என்றாலும் கனபேர் தொடர்ந்து இதயத்துக்குள்ளேயே தேடினார்கள்.

திருப்பம் நியூயோர்க்கில் வந்தது. 1960ஐ ஒட்டிய வருடங்களில், ஹில்சைட் வைத்தியசாலையில் டொனால்ட் க்ளைன் என்ற மனநல வைத்தியர், திடீர்ப் பீதியால் அவதிப்பட்டவர்களுக்கு இமிப்ரமின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சில கிழமைகள் போயும் குணமில்லை என்றே நோயாளி சொன்னார். ஆனால் வார்ட்டில் நின்றவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். "சாகப்போறன்" எண்டு தாதியரிடம் அடிக்கடி ஓடி வந்தவர், இப்போது ஓடி வருவதில்லை. தாக்குதல் நின்றுவிட்டது, "திரும்ப வந்திடுமோ" என்ற பயம் மட்டும் மிச்சமிருந்தது. தாக்குதல் வேறு, அதைப் பற்றிய பயம் வேறு என்று அப்போதுதான் தெளிந்தது. 1980இல் பீதிக் கோளாறு என்ற தனிப் பெயர் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் ஏறியது.

இன்றைக்கும் அடையாளம் காண்பது இந்த இரண்டையும் வைத்துத்தான். பானிக் அட்டாக் ஒருதரம் வந்தால் மட்டும் நோய் ஆகாது. காரணமே இல்லாமல், சிலவேளை நித்திரையிலும், திடீரென வந்து சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும், பிறகு தணியும். அது திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்ப எண்ட பயம் ஒரு மாதமோ அதற்கு மேலோ நீடித்தால், அல்லது அந்தப் பயத்திலே பஸ், திருவிழா, வகுப்பு எல்லாவற்றையும் ஒருவர் தவிர்க்கத் தொடங்கினால், கவனிக்க வேண்டும்.

முதல்தரம் நெஞ்சு நோ வந்தால் கட்டாயம் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். இதயக் கோளாறும் தைரொயிட் கோளாறும் இதே மாதிரி வரலாம். ஆனால் ஈசிஜி சரி எண்டவுடன் பயணத்தை நிறுத்தக்கூடாது. பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் இதற்கு நன்றாகவே பலன் தருகின்றன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

நண்பர் ஒருவர் அப்படித் திரும்பி வந்தால், "சும்மா பயந்திட்டாய்" எண்டு சிரிக்காமல் இப்படிச் சொல்லிப் பார்ப்போம்: "இதயத்தில ஒண்டுமில்லை, நல்லது. மிச்சத்தையும் ஒருக்கா காட்டுவம், நானும் வாறன்."