புகுந்த நாட்டைப் பெற்றோருக்குக் காட்டுதல்



மணமான மகளைப் பார்க்கத் தாய் முதன்முறை வரும்பொழுது, மகள் அடுக்களையைக் காட்டுவாள்; கிணற்றடியைக் காட்டுவாள்; மாட்டுக்கொட்டிலையும் காட்டுவாள். தான் குறைவின்றி வாழ்வதைச் சொல்லாமற் சொல்லும் வழி அது. புகுந்த வீடு இருப்பது போலப் புகுந்த நாடும் உண்டு. வன்னி பலருக்கு அத்தகைய நாடு. ஓமந்தையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் குடிகள் உளர். வேறிடங்களிலிருந்து வந்து வேரூன்றியோரும் உளர். பின்னவரைக் காணவரும் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே: “இந்தக் காட்டை நம்பி ஏன் வந்தாய்?” அக்கேள்விக்கு எதைக் காட்டி விடை சொல்வது என்பதையே இன்று ஆராய்வோம்.

முதலாவதாக, வன்னி வெறுங்காடு அன்று. ஊர்ப்பெயர்களே அதற்குச் சான்று. ஓமந்தைக்குத் தெற்கே நொச்சிமோட்டை. வடக்கே புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். குளமும் மோட்டையும் முறிப்பும் கட்டுமாக இப்பெயர்கள் அனைத்தும் நீரைத் தேக்கிய மனிதரின் உழைப்பைச் சொல்கின்றன. அணையிட்டுத் துருசு வைத்தவர்களின் பெயர்கள் நம்மை வந்தடையவில்லை. அவர்களுடைய வேலை வந்தடைந்திருக்கிறது.

இந்நாட்டை ஆண்ட வன்னியர்கள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தனர்; கொடுக்க மறுத்த காலங்களும் உண்டு. 1803 ஆம் ஆண்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள் கப்டன் டிறிபேக் என்பவன் அவனைக் கற்சிலைமடுவில் தோற்கடித்தான். அதைக் குறித்து அங்கே ஒரு கல் நாட்டப்பட்டது. வென்றவரின் பெருமைக்காக எழுந்த அக்கல்லை, வன்னி மக்கள் தோற்றவனின் நினைவாகவே கொண்டனர் என்பது கருதத்தக்கது.

அவ்வாறாயின், இந்நாடு ‘காடு’ என்னும் பெயரை எவ்வாறு பெற்றது? போரும் வரிச்சுமையும் குடிகளைக் குறைத்தன; குளங்கள் உடைந்தன; எஞ்சியோரை மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. வன்னிக்கு மாற்றம் என்றால் யாழ்ப்பாணத்துத் தாய்மார் கண்ணீர் வடித்த காலம் ஒன்றிருந்தது. 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முற்றுப்பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் காணியற்றோருக்கு அரச நிலம் கிடைக்க வழிசெய்தது. எனினும் காய்ச்சல் நீங்காதிருந்தால் இவையெல்லாம் பயன்பட்டிருக்கமாட்டா. 1940களின் நடுப்பகுதியில் தொடங்கிய டி.டி.ரி. மருந்துத் தெளிப்பே குடியேறியோரைக் காத்தது. இலங்கையிலிருந்து மலேரியா ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது. வன்னியின் வரலாற்றில் எந்தப் போர்வெற்றியிலும் இஃது உயர்ந்தது என்பேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் ஒரு சாரார். மலையகத்திலிருந்து வந்தோர் மற்றொரு சாரார். இவர்கள் நிலந்தேடி மட்டும் வந்தவர்கள் அல்லர். 1977 ஆம் ஆண்டின் வன்செயலுக்குத் தப்பி, உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்கள் பலர். காந்தியம் இயக்கம் அவர்களைக் குடியமர்த்த உழைத்தது; அவ்வியக்கத்தை முன்னின்று நடத்திய மருத்துவர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார்.

இம்மக்களிற் பலருக்குப் புகுந்த நாட்டைக் காட்டப் பெற்றோரே வரவில்லை. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. கணக்கிலே எண்கள் பிரிந்தன. வீட்டிலே தாயும் மகனும் பிரிந்தனர். தலைமன்னாரிலிருந்து கப்பலேறிய பெற்றோர், காடு வெட்டிக் கழனியாக்கிய மகனின் முதல் விளைச்சலைக் காணவில்லை. 1984 இல் அக்கப்பற் சேவையும் நின்றது.

பின்னர் வந்த போர் எல்லாரையும் ஒருங்கே அலைத்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானோரிற் பலருக்கு வன்னி மரநிழல் தந்தது. 2002 இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ–9 வீதி திறந்தபோது, ஓமந்தைச் சோதனை நிலையத்தில் நீண்ட வரிசைகளில் பெற்றோரும் பிள்ளைகளும் காத்து நின்றனர். 2009 மே மாதத்தில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த மக்களும், அனைத்தையும் இழந்தவர்களாய், இவ்வழியாகவே செட்டிகுளம் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அச்சோதனை நிலையம் 2015 இல் அகற்றப்பட்டது. 

1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரத சேவை 2014 ஒக்டோபரில் மீண்டும் தொடங்கியது. அதன் பின்னரே என் தாயார் என்னைக் காண வந்தார். பாடசாலையைக் காட்டினேன், அவர் தலையசைத்தார். குளக்கட்டில் நின்று, கீழே கதிர் முற்றிய வயலைக் காட்டினேன், நெடுநேரம் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் கிணற்றை எட்டிப் பார்த்து, “கோடையிலை வத்துமோ?” என்று கேட்டார். வற்றாது என்றேன். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் மகள் அவர். அதற்குமேல் அவர் கேட்க வேறொன்றும் இருக்கவில்லை.

இக்காலத்தில் இவ்வூர்ப் பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழ்கின்றனர். தாய் தந்தையரை அழைத்துப் பனியையும் மாடங்களையும் காட்டுகின்றனர். அது நன்றே. ஆனால் அவர்களின் மக்கள் ஒருநாள் இங்கு வரும்பொழுது நாம் காட்டவேண்டியது என்ன? சுவரிற் பட்ட குண்டுத் துளைகளை மட்டுமா? அவற்றை மறைக்கவேண்டுமென்று நான் சொல்லவில்லை. அவற்றோடு குளத்தையும் காட்டுவோம், கற்சிலைமடுவையும் காட்டுவோம், மலையகத்தார் திருத்திய வயலையும் காட்டுவோம்.

பூர்வீகக் குடிகளின் கதையை வந்தேறியோரும், யாழ்ப்பாணத்தாரின் கதையை மலையகத்தாரும், மலையகத்தாரின் கதையை மற்றிரு சாராரும் அறிதல் வேண்டும். தன் ஊர்க் குளத்தின் பெயரையும், அதன்கீழ் முதலில் உழுத குடும்பங்களையும், அயலார் வந்த ஆண்டையும் ஒவ்வொரு மாணவனும் முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பானாக. சொல்லக்கூடிய முதியோர் நாளுக்குநாள் அருகி வருகின்றனர். ஆகவே இவ்வேலையை அடுத்த ஆண்டுக்கென ஒத்திவைத்தல் தகாது.