பிணையும் சிறையும்

ஒருவன் குற்றவாளி என்று துணியப்படுவதற்கு முன்னரே அவனைச் சிறையில் அடைத்து வைத்தல் முறையாகுமா? வைப்பதாயின் எத்துணைக் காலம் வைக்கலாம்? முன்னொருகால் தண்டனை பெற்றவன் மீண்டும் ஐயத்திற்கு உள்ளாயின், அவனை எவ்வாறு நடத்துதல் வேண்டும்? இவையெல்லாம் வழக்கறிஞர்க்கே உரிய வினாக்கள் என்று நம்மவர் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். ஆனால், இல்லத்தில் ஒருவனைப் போலீஸார் அழைத்துச் சென்ற அன்றே இவ்வினாக்கள் அவ்வில்லத்தார் அனைவர்க்கும் உரியனவாகிவிடுகின்றன. ஆதலின், பிணை, பழங்குற்றவாளி, சிறை என்னும் மூன்றும் நம் நாட்டில் ஒன்றோடொன்று பிணைந்து வந்த வரலாற்றைச் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறியுமாறு ஈண்டுச் சுருங்க எழுதத் துணிந்தோம்.

சிலப்பதிகாரத்துக் கோவலன் ஆராயாத் தீர்ப்பினால் மாண்டதை அறியாதார் இலர். அந்நூலின் கட்டுரை காதையில் வரும் வார்த்திகன் வரலாற்றையோ பலர் நினைவிற் கொள்வதில்லை. சேர மன்னனிடம் பெரும்பொருள் பெற்று மீண்ட பராசரன் என்னும் அந்தணன், பாண்டி நாட்டுத் தங்கால் என்னும் ஊரில் வார்த்திகன் மகனாகிய சிறுவனின் ஓதும் திறங் கண்டு மகிழ்ந்து அவனுக்கு அணிகலன்களை அளித்துச் சென்றான். அக்குடும்பத்தார் அவற்றை அணிந்து திரிவதைக் கண்டு பொறாத அரசாங்க ஏவலர், புதையற் பொருளைக் கவர்ந்தான் என்று பழி சுமத்தி வார்த்திகனைச் சிறையில் இட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுது புரண்டாள். ஐயை கோயிற் கதவம் திறவாதாயிற்று. அது கேட்ட மன்னன் காரணம் வினவி உண்மை தெளிந்தான், வார்த்திகனை விடுவித்தான், தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்து நிலத்தில் வீழ்ந்து வணங்கினான், நாட்டிலுள்ள சிறைகளையும் திறந்துவிடப் பணித்தான்.

இவ்வரலாற்றில் யாம் காணும் பொருள் ஒன்று உண்டு. வார்த்திகன் விடுதலை பெற்றது கோயிற் கதவம் அடைபட்டமையால். ஏதிலார் அனைவர்க்கும் கோயிற் கதவம் அடைபடுவதில்லை. மன்னர் செவிக்கு எல்லாருடைய அழுகையும் எட்டுவதில்லை. அற்புதமும் மன்னன் அருளும் வாயாத எளியவன், தன் வழக்கு முடியுமட்டும் வெளியில் இருந்து பிழைத்தற்குச் சட்டம் வகுத்த வழியே பிணை என்பது. அதனை நீதிமன்றத்தார் ஜாமீன் என்று வழங்குவர். நம் முன்னோர் இதனைப் புணை என்றும் வழங்கினர். புணை என்னும் சொல்லுக்குத் தெப்பம் என்பதும் ஒரு பொருள். நீரில் வீழ்ந்தான் ஒருவன் கரை சேர்தற்குத் தெப்பம் போலவும், வழக்கில் வீழ்ந்தான் ஒருவன் தீர்ப்பு நாள் சேர்தற்குப் பிணையாளி போலவும் பிறிதொன்றில்லை.

ஆங்கில ஆட்சியில் குற்றவழக்குகளை நடத்தும் முறைபற்றிய சட்டம் 1861-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பின்னர் 1872, 1882, 1898 ஆகிய ஆண்டுகளில் அது புதுக்கப்பட்டது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றங்களை ஜாமீனில் விடத்தக்கன, விடத்தகாதன என இரு கூறாக வகுத்தது. முன்னவற்றில் பிணை பெறுதல் உரிமை. பின்னவற்றில் அது நீதிபதியின் விருப்பத்திற்கு உட்பட்டது. பிணைத்தொகை மிகையாதல் கூடாது என்றும் அச்சட்டம் விதித்தது. விதி நன்றே. ஆயினும், பிணை நிற்பவனுடைய நிலமும் வீடும் எவ்வளவு என்பதே நாளடைவில் முதல் வினா ஆயிற்று. உடையவனுக்கு ஒரு நாளில் திறந்த கதவு, இல்லாதவனுக்குத் திங்கள் பல கழிந்தும் திறந்திலது.

இனிப் பழங்குற்றவாளியைப் பற்றிக் கூறுவாம். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்து 75-ஆம் பிரிவு, நாணயம், பொருட்களவு முதலியன பற்றிய பெருங்குற்றங்களில் ஒருமுறை தண்டனை பெற்றவன் அத்தகைய குற்றத்தை மீண்டும் செய்வானாயின், அவனுக்கு மிகுந்த தண்டனை விதிக்க இடந்தந்தது. இதனை யாம் குறை கூறுகின்றிலேம். முன்னைய குற்றமும் பின்னைய குற்றமும் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே இத்தண்டனை வரும். ஆனால், 1898-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தின் 110-ஆம் பிரிவு வேறு வகையினது. ஒருவன் வழக்கமாகத் திருடுபவன் என்றோ, அஞ்சத்தக்க கொடியன் என்றோ தோன்றுமாயின், நன்னடத்தைக்கு மூன்றாண்டு வரை பிணை கொடுக்குமாறு அவனை மாஜிஸ்திரேட் பணிக்கலாம். அவன் அத்தகையன் என்பதற்கு ஊரார் பொதுப்பேச்சும் சான்றாகக் கொள்ளப்பட்டது. பிணை கொடுக்க இயலாவிடின் அக்காலம் முழுதும் அவன் சிறையில் இருத்தல் வேண்டும். அன்பர்கள் இதனை ஊன்றி நோக்குவாராக. புதிய குற்றம் எதுவும் மெய்ப்பிக்கப்படாமலே, தனக்காகப் பிணை நிற்க ஆளில்லாத ஒரு காரணத்தால் ஒருவன் சிறை புக நேர்ந்தது. பெயர் கெட்டவன் என்னும் பேச்சும், பிணையாளி இன்மையும் சேர்ந்து தண்டனையே ஆயின. இப்பிரிவு 1973-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம் பெற்றது. 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் 129-ஆம் பிரிவாக இன்றும் உளது.

ஒருவனுக்கு நேர்ந்த இக்கேடு ஒரு குலம் முழுமைக்கும் நேர்ந்ததே குற்றப்பரம்பரைச் சட்டம். 1871-ஆம் ஆண்டில் வட நாட்டு மாகாணங்களில் தொடங்கிய இச்சட்டம், 1911-ஆம் ஆண்டில் புதுக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. குறித்த ஒரு குலத்திற் பிறந்தமையே குற்றத்திற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. பெயரைப் பதிவு செய்தல், கைரேகை வைத்தல், ஊர்விட்டு ஊர் செல்லச் சீட்டுப் பெறுதல், இரவில் அதிகாரிகள் குறித்த இடத்தில் வந்து தங்குதல் முதலிய இடர்களை அவர்கள் பட்டனர். நம் நாட்டு மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே வழங்கினர். மதுரையைச் சார்ந்த பெருங்காமநல்லூரில் 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் இப்பதிவை எதிர்த்து நின்ற கள்ளர் குலத்தார்மீது போலீஸார் துப்பாக்கியால் சுட்டனர். ஒரு பெண்மணி உட்படப் பலர் உயிர் துறந்தனர்.

அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டின் சட்டத்தாலும், நாடு முழுதும் 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாளிலும் நீக்கப்பட்டது. நீங்கியது குலத்தின் பெயர். குற்றத்தைப் பெயரால் அளக்கும் பழக்கம் முற்றும் நீங்கியதன்று. 1948-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று பிறந்தது. பிற மாகாணங்களிலும் அத்தகையன எழுந்தன. ஏட்டளவில் இவை தனி மனிதனையே நோக்குவன. எனினும், பழைய பதிவேடுகளைக் கையிற் கொண்டிருந்த அதிகாரிகள் பழைய குடும்பங்களையே நாடிச் சென்றமை வியப்பன்று.

ஈண்டு ஒரு தடை எழும். "திருட்டுக் கொடுத்தவனும் குத்துண்டவனும் மனிதரல்லரோ? ஜாமீனில் வந்தவன் சாட்சியை அச்சுறுத்தினால் யார் காப்பர்? வந்தவன் மீண்டும் அதே தொழிலைச் செய்தால் ஊர் என்னாவது?" என்று சிலர் வினவுவர். நேர்மையான வினாவே. வெளிவந்த சிலர் மீண்டும் தீங்கிழைத்தலும், சாட்சி கூற அஞ்சி மகளிர் ஒதுங்குதலும் நாம் கண்கூடாகக் காண்பன. அதனாலன்றோ ஜாமீனை மறுக்கவும், நிபந்தனை விதிக்கவும், கொடுத்த ஜாமீனை நீக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் அளிக்கப்பட்டுள்ளது! அவ்வதிகாரம் வேண்டற்பாலதே. யாம் கூறுவது, அஃது ஒருவன் செய்த செயலையும் அவன் செய்யக்கூடும் என்பதற்குரிய சான்றையும் பற்றி நிற்றல் வேண்டும். அவன் பெயரையும் பிறப்பையும் கைப்பொருளையும் பற்றி நிற்றல் ஆகாது என்பதே. பணமுள்ள கொடியவன் வெளியிலும், பணமற்ற எளியவன் உள்ளேயும் இருப்பானாயின், அந்தப் பிணைமுறை ஊரைக் காத்ததாகாது.

விடுதலைக்குப் பின் இக்குறையை உச்சநீதிமன்றம் எடுத்துரைத்தது. 1978-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்கப்பட்டது. அவர் உடன்பிறந்தார் பிணை நிற்க முன்வந்தும், அவர் சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளதென்று மாஜிஸ்திரேட் மறுத்தார். நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதனைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்கு அவர்தம் சொந்தப் பத்திரத்தின் பேரிலேயே விடுமாறு பணித்தார். மறு ஆண்டில், 1979-இல், பீகார்ச் சிறைகளில் விசாரணை முடியாமலே, தம் குற்றத்திற்கு உரிய முழுத் தண்டனைக் காலத்தினும் மிகுதியாக அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றிய வழக்கு வந்தது. நீதிபதி பி. என். பகவதி முதலியோர், விரைந்த விசாரணை அரசியல் சட்டத்து 21-ஆம் விதியில் அடங்கிய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர்.

அதன்பின்னும் சிறைகளில் நெரிசல் குறைந்திலது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருக்கத்தக்கவர் தொகை 4,36,266; இருந்தவர் 5,73,220. இவருள் வழக்கு முடியாத விசாரணைக் கைதிகள் மட்டும் 4,34,302 பேர். தண்டனை பெற்றோர் அனைவரையும் நீக்கிவிடினும், தீர்ப்புப் பெறாதவர்களாலேயே சிறைகள் ஏறக்குறைய நிரம்பியிருக்கும் என்பது இதனாற் பெறப்படும். நூறு பேர் உறங்கும் இடத்தில் அன்று நூற்றுமுப்பதின்மர் உறங்கினர். சர் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் 1919-20-இல் ஆய்ந்த இந்தியச் சிறைக் குழுவினர், கைதியைத் திருத்துதலே சிறையின் நோக்கமாதல் வேண்டும் என்றனர். இடநெருக்கடியில் முதன்முறை வந்த இளைஞன் கைதேர்ந்த கள்வனுக்கு அருகிற் படுத்து நாள் கழிப்பானாயின், அங்கு நிகழ்வது திருத்தமா, பயிற்சியா? பழங்குற்றவாளி பிறக்கும் இடங்களுள் நெருக்குண்ட சிறையும் ஒன்று.

சட்டமும் சிறிது சிறிதாக இளகியுள்ளது. உரிய மிகுதித் தண்டனையிற் பாதிக் காலம் விசாரணைக் கைதியாகக் கழித்தவனை விடுவிக்க 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, முன்பு தண்டனை பெறாதவனுக்கு அக்காலத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தது. மரணமோ ஆயுட்சிறையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. அன்றியும், ஒருவன்மீது ஒன்றினும் மிகுந்த வழக்குகள் நிலுவையில் இருப்பின் இச்சலுகை இல்லை. நிலுவை என்பது மெய்ப்பிக்கப்படாமை அன்றோ? பழைய பொதுப்பேச்சு இன்று வழக்கெண் என்னும் உருக்கொண்டு வந்து நிற்கின்றது என்று யாம் அஞ்சுகின்றோம்.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு நம்போன்ற குலச்சங்கத்தார் அனைவரும் அறியத்தக்கது. சிறையில் சாதி பற்றி வேலை பகுத்தலும் இடம் பகுத்தலும் அரசியல் சட்டத்திற்கு மாறானவை என்றும், சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிக் கட்டத்தை நீக்குக என்றும், வழக்கமான குற்றவாளி என்பதனைப் பிறப்பைக் கொண்டு வகுத்தல் ஆகாது என்றும் அது பணித்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்தமையும் அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. வெளியே நாம் வைத்திருக்கும் வேலியே உள்ளே சுவராயிற்று என்பதனை எண்ணி நாணுதல் நமக்கும் கடன்.

இனி, நாம் செய்யத்தக்கது யாது? ஜாமீன் உத்தரவு பெற்றும் பிணையாளி இன்மையாற் சிறையிலேயே கிடப்போர் பலர். உத்தரவு பெற்று ஏழு நாளில் ஒருவன் வெளிவராவிடின் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிற்கு அறிவித்தல் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2023-இல் பணித்துளது. காவலில் உள்ள எவரும், வருமானம் எவ்வளவாயினும், அக்குழுவினிடம் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். பிணைத்தொகை கட்ட இயலாத ஏழைக் கைதிகளுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டமும் 2023 முதல் உண்டு. இவற்றை அறியாமல் நகையை அடகு வைத்துத் தரகர் கையிற் கொடுக்கும் தாய்மார்க்கு நாம் எடுத்துரைத்தல் வேண்டும்.

அதனினும் மேலான கடன், நம்பத்தக்கவனுக்குப் பிணை நிற்றல். பிணை நின்றவன் தண்டனைக்கு உரியவன் ஆவான் என்பது வீண் அச்சம். வழக்காளி குறித்த நாளில் வாராவிடின் பத்திரத்திற் கண்ட தொகைக்கே அவன் பொறுப்பாளி. தொடர விருப்பமில்லையேல் தன்னை விடுவிக்குமாறு நீதிமன்றத்தில் மனுச் செய்யவும் அவனுக்கு உரிமை உண்டு. நன்கு ஆராய்ந்து, இவன் ஓடான் என்று தெளிந்தபின், நம் சங்கத்தில் நிலமும் வீடும் உடையவர்கள் முன்வருவாராக. அவன் நம் குலத்தானா என்று வினவாது வருவாராக. வழக்கு முடிந்து அவன் குற்றவாளி என்று தீர்ப்பாயின் தண்டனை பெறட்டும். குற்றமற்றவன் என்று தீர்ப்பாயின், அவன் பிள்ளைகள் பட்டினி கிடந்த நாள்களை எவரும் மீட்டுத்தர இயலாது.