குடிகாரனின் மனைவி: ஒரு சொல்லின் வரலாறு

தொழுநோய் கண்ட கணவனைக் கூடையில் வைத்துச் சுமந்து, அவன் விரும்பிய தாசியின் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிய நளாயினியின் கதையைக் கற்பின் உச்சம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஏறத்தாழ இதே செயலுக்கு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்க உளநல நூல்கள் ஒரு நோய்ப்பெயரைச் சூட்டின. 'கோ-டிபென்டன்சி' என்பது அந்தப் பெயர். தமிழில் 'இணைச்சார்பு' என்று சொல்லிப் பார்க்கலாம். ஒருவர் மதுவையோ போதைப் பொருளையோ சூதாட்டத்தையோ சார்ந்து வாழ, இன்னொருவர் அந்த மனிதரைச் சார்ந்து வாழ்வது. அவரைக் காப்பதும் கண்காணிப்பதும் திருத்த முயல்வதுமே தன் வாழ்வின் பொருள் என்றாகிவிடும் நிலை.

ஓரிடத்தில் அறம், மற்றோரிடத்தில் நோய். இரண்டுக்கும் நடுவே சுமந்த பெண் என்ன சொன்னாள் என்பதைத்தான் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இச்சொல்லின் வரலாற்றைப் பின்தொடர்ந்து போனால், முதலில் அவள்தான் பேசினாள் என்பதும், பின்னர் அவளிடமிருந்து அந்தப் பேச்சு கைமாறியது என்பதும் தெரியவரும். அந்தக் கைமாற்றமே இக்கட்டுரையின் பொருள்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், மருத்துவர் ஒருவரின் மகளாக 1891இல் பிறந்தவர் லோயிஸ் பர்ன்ஹாம். 1918 ஜனவரி 24 அன்று பில் வில்சன் என்ற இளைஞரை மணந்தார். பங்குச் சந்தையில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த பில், குடியிலும் அதே வேகத்தில் முன்னேறினார். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடப்பிலிருந்தது. அந்தச் சட்டத்தால் பில்லின் குடி ஒரு நாளும் தடைபடவில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

லோயிஸ் செய்தவற்றைப் பட்டியலிட்டால் நம் தெருவில் நாம் அறிந்த பல பெண்களின் முகங்கள் நினைவுக்கு வரும். கெஞ்சினார், அழுதார், சத்தியம் வாங்கினார். 1925இல் இருவரும் பக்கப்பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் ஏறி, கூடாரமடித்துத் தங்கியபடி நாட்டின் கிழக்குப் பகுதியில் நெடும்பயணம் போனார்கள். பில்லுக்கு அது தொழிற்சாலைகளை நேரில் கண்டு பங்குகளின் மதிப்பை அறியும் பயணம்; லோயிஸுக்கோ கணவனை மதுக்கடைகளிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகும் பயணம். குழந்தைப்பேறு வாய்க்கவில்லை. பங்குச் சந்தை சரிந்தபின் லோயிஸ் பல்பொருள் அங்காடியில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பணத்தில் வீடு நடந்தது. தன் அன்பு போதுமான அளவு இருந்தால் கணவன் திருந்திவிடுவான் என்று ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் நம்பினார்.

1934 டிசம்பரில் பில் குடியை நிறுத்தினார். மறு ஆண்டு ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் பாப் ஸ்மித் என்ற மருத்துவரோடு சேர்ந்து அவர் தொடங்கிய இயக்கமே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. குடியிலிருந்து மீள விரும்புகிறவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் அமைப்பு அது. கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும் என்றே எவரும் நினைப்பர். ஆனால் நமக்கு வேண்டிய கதை இங்கேதான் தொடங்குகிறது.

குடி நின்ற பிறகு ஒரு நாள், கூட்டத்துக்குப் புறப்படும்படி பில் அவசரப்படுத்தியபோது, லோயிஸ் தன் காலணியை எடுத்து அவர்மீது வீசினார். அந்தக் கோபம் அவரையே திகைக்கவைத்தது. பதினேழு ஆண்டுகள் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. பிறகு ஏன் இந்த ஆத்திரம்? 1979இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்புகளில் அவர் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தன்னால் முடியாததை முன்பின் அறியாத குடிகாரர்கள் சில மாதங்களில் முடித்துவிட்டார்கள் என்பதை அவரால் தாங்க இயலவில்லை. கணவனைக் காக்கும் வேலை பறிபோனதும் அவருக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. பிற்காலத்தில் இணைச்சார்பு என்று விவரிக்கப்பட்டதன் கரு முழுவதும் அந்த ஒற்றைக் காலணியில் இருக்கிறது.

1939இல் அந்த இயக்கத்தின் அடிப்படை நூல் வெளியானது. அதில் மனைவியருக்கென்று ஓர் அத்தியாயம் உண்டு, மனைவியரே பேசுவது போன்ற நடையில். அதை எழுதியவர் பில். தான் எழுத விரும்பிய லோயிஸுக்கு அந்த வாய்ப்புத் தரப்படவில்லை. அந்த வருத்தம் அவரிடம் நெடுங்காலம் இருந்தது. அதே ஆண்டில் கடனில் மூழ்கிய புரூக்ளின் வீட்டையும் இழந்து, 1941இல் பெட்ஃபோர்ட் ஹில்ஸில் ஒரு வீடு அமையும்வரை, இருவரும் நண்பர்களின் வீடுகளில் மாறி மாறித் தங்கினார்கள்.

கணவன்மார் உள்ளே கூட்டம் நடத்த, மனைவியர் வெளியே காப்பி போட்டுக் காத்திருப்பது அந்நாளைய வழக்கம். அப்படிக் காத்திருந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். முதலில் கணவர்களைப் பற்றி. பிறகு தங்களைப் பற்றி. 1951இல் லோயிஸும் அவருடைய தோழி ஒருவரும் சேர்ந்து, நாடெங்கும் தாமாகவே முளைத்திருந்த 87 குடும்பக் குழுக்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 'அல்-அனான்' என்ற அமைப்பு இப்படிப் பிறந்தது. குடிகாரர்களுக்கு வகுக்கப்பட்ட பன்னிரண்டு படிகளையே இவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். கடைசிப் படியில் 'குடிநோயாளிகள்' என்றிருந்ததை மட்டும் 'பிறர்' என்று மாற்றினார்கள். முதற்படியில் கை வைக்கவில்லை. மதுவின் முன் தாம் வலுவற்றவர் என்று ஒப்புக்கொள்ளும் படி அது. ஒரு துளியும் குடித்தறியாத பெண் அவ்வாறு சொல்லும்போது அச்சொற்களின் பொருள் வேறாகிறது: இந்தக் குடிக்கு நான் காரணமல்ல, இதை அடக்கவும் என்னால் ஆகாது என்று அவள் தன் தோளிலிருந்து ஒரு பாரத்தை இறக்கிவைக்கிறாள்.

பெண்கள் இவ்வாறு பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில் வல்லுநர்களும் அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். 1953இல் தெல்மா வேலன் என்ற சமூகப் பணியாளர், மதுப்பழக்க ஆய்வுக்கான இதழொன்றில் குடிகாரர்களின் மனைவியரை நான்கு வகையாகப் பிரித்தார். துன்புறுகிறவள், அடக்கியாள்கிறவள், ஊசலாடுகிறவள், தண்டிக்கிறவள். தன் உள்மனத் தேவைக்காகவே இப்படிப்பட்ட கணவனை இவள் தேர்ந்துகொள்கிறாள் என்பது அவருடைய வாதம். கணவன் குடியை விட்டால் மனைவி நிலைகுலைவாள் என்றும் அக்காலத்தில் சிலர் எழுதினார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு, அதே இதழில் ஜோன் ஜாக்சன் என்ற சமூகவியலாளர் வேறொரு சித்திரத்தைத் தீட்டினார். சியாட்டில் நகரில் மனைவியரின் குழுவில் அமர்ந்து நெடுநாள் அவர்களைக் கேட்டவர் அவர். மறுத்தல், திருத்த முயலல், குடும்பம் குலைதல், மனைவி பொறுப்பை ஏற்றல், தப்பிக்க முயலல் என்று ஒரு குடும்பம் படிப்படியாகக் கடந்து செல்லும் ஏழு கட்டங்களை அவர் விவரித்தார். வேலன் பிறவிக் குணமாகக் கண்டதை, ஜாக்சன் நெருக்கடிக்கு மனிதர் காட்டும் எதிர்வினையாகக் கண்டார். முதற்கட்டத்தில் அழுபவளும் நான்காம் கட்டத்தில் அதிகாரம் செய்பவளும் ஒரே பெண்ணாக இருக்கலாம். ஒருவரைப் பார்ப்பதற்கும் ஒருவரைக் கேட்பதற்கும் உள்ள தொலைவை இவ்விரு கட்டுரைகளும் காட்டிவிடுகின்றன.

1970களில் மினசோட்டா மாநிலத்துச் சிகிச்சை நிலையங்களில், மதுவும் பிற போதைகளும் 'கெமிக்கல் டிபென்டன்சி' என்ற ஒரே பெயரின்கீழ் வந்தன. குடிகாரரின் துணையைக் குறித்த பழைய சொல்லும் அதற்கேற்ப 'கோ-டிபென்டன்ட்' என்றாயிற்று. 1981இல் ஷாரன் வெக்ஷைடர், இத்தகைய குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஏற்கும் வேடங்களை விவரித்தார். குடிப்பவரின் தவறுகளை மூடிமறைத்துக் குடிக்கு வழிசெய்பவர், எல்லாவற்றிலும் முதலாவதாக வந்து குடும்ப மானத்தைக் காக்கும் பிள்ளை, பழியெல்லாம் சுமக்கும் பிள்ளை, இருப்பதே தெரியாமல் ஒதுங்கிவிடும் பிள்ளை, சிரிக்கவைத்துச் சூழலைத் தணிக்கும் பிள்ளை.

இவற்றில் உண்மை இல்லை என்று நம்மால் சொல்ல இயலாது. கணவனுக்குக் காய்ச்சல் என்று அலுவலகத்துக்குப் பொய் சொல்லும் மனைவி, அன்றைய வேலையைக் காப்பாற்றுகிறாள். கூடவே, குடியின் விளைவு குடித்தவரைச் சென்றடையாமலும் தடுத்துவிடுகிறாள். இரவில் வாசற்கதவின் ஓசைக்குக் காத்திருந்தே தூக்கம் கெடுகிறது. அவர் முகம் தெளிந்திருந்தால் இவளுக்கு நல்ல நாள், இல்லையேல் இல்லை. நட்பும் உறவும் ஒவ்வொன்றாக விலகுகின்றன. உனக்கு என்ன வேண்டும் என்று எவரேனும் கேட்டால் விடை சொல்லத் தெரியாத நிலை வந்துசேர்கிறது. பதற்றமும் மனச்சோர்வும் உடல்நோயும் அதைத் தொடர்கின்றன. அன்பு என்று தொடங்கியது காவல் வேலையாக மாறிப்போகிறது. காவலருக்கும் காவலில் இருப்பவருக்கும் இடையே நட்பு நிலைப்பதில்லை.

1986இல் மெலடி பீட்டியின் நூல் வெளிவந்தது. மினசோட்டாவைச் சேர்ந்தவர், போதையிலிருந்து மீண்டவர், குடிநோயாளிகளின் மனைவியருக்கு ஆலோசகராக இருந்தவர், தானும் ஒரு குடிநோயாளியின் மனைவி. தன்னைப் பற்றியும் சேர்த்தே எழுதியதால் அந்நூல் பல லட்சம் பிரதிகள் விற்றது. (பீட்டி 2025இல் காலமானார்.) அதே ஆண்டு அரிசோனாவில் இணைச்சார்புக்கென்றே ஒரு சுயஉதவி அமைப்பு தோன்றியது. அடுத்து ஒரு வெள்ளம். யார் யாரை நேசித்தாலும், யார் யாருக்கு விட்டுக்கொடுத்தாலும் இணைச்சார்பு என்று சொல்லும் அளவுக்கு அச்சொல் நீர்த்தது. எல்லாரும் நோயாளிகள் என்றால் நோய் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று 1992இல் வெண்டி காமினர் தன் நூலில் எள்ளலோடு கேட்டார். பெண்ணியச் சிந்தனையாளர்களின் கேள்வி இன்னும் கூர்மையானது: பிறரைப் பேணுவதே பெண்மை என்று பழக்கிய சமூகம், அப்படியே பேணுகிறவளை நோயாளி என்பது எவ்வகை நியாயம்? அடிக்கும் கணவனோடு வழியின்றி வாழ்பவளுக்கு வேண்டியது பாதுகாப்பா, நோய்ப்பெயரா?

மனநல மருத்துவமும் அச்சொல்லை ஏற்கவில்லை. டிமென் செர்மாக் என்ற மருத்துவர் 1986இல் அதற்கு இலக்கணம் வகுத்து, ஆளுமைக் கோளாறாகச் சேர்க்க வேண்டினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் அன்றும் அது இடம்பெறவில்லை, இன்றும் இல்லை. அதற்கு நெருக்கமான 'தன்னைத்தானே தோற்கடிக்கும் ஆளுமை' என்ற வகை 1987இல் பின்னிணைப்பில் வைக்கப்பட்டு, பாதிக்கப்பட்ட பெண்களையே பழிக்கிறது என்ற எதிர்ப்புக்குப் பின் 1994இன் பதிப்பில் நீக்கப்பட்டது.

பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஜாக்சனின் பக்கமே சாய்ந்தன. பிரிட்டன் உளவியலாளர் ஜிம் ஆர்ஃபோர்டும் அவருடைய குழுவினரும் மெக்சிகோ நகரம், தென்மேற்கு இங்கிலாந்து, வட ஆஸ்திரேலியப் பழங்குடிச் சமூகங்கள் ஆகிய மூன்று இடங்களில் குடும்பத்தினரைக் கேட்டு 2005இல் வெளியிட்ட நூல், அவர்களைக் கடும் நெருக்கடியைச் சமாளிக்கும் சாதாரண மனிதர்களாகவே காண்கிறது. 1999இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சிகிச்சையை மறுக்கும் குடிநோயாளிகளின் உறவினர் 130 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். குடிக்காத நேரத்தில் அன்பைக் காட்டவும், குடித்தபோது விலகி நிற்கவும், தன் நலனைப் பேணவும் பயிற்சி பெற்ற குழுவில் 64 விழுக்காட்டினர் தம் உறவினரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தனர். குடும்பமாகக் கூடி நேருக்கு நேர் எடுத்துரைக்கப் பயின்ற குழுவில் அது 30. அல்-அனான் வழியில் சென்ற குழுவில் 13. அல்-அனானின் நோக்கம் குடிப்பவரைச் சிகிச்சைக்கு இழுப்பதன்று என்பதால் இதை அதன் தோல்வியாகக் கொள்ளலாகாது. எனினும் குடும்பத்தின் அன்பு நோயை வளர்க்க மட்டுமே செய்யும் என்ற கருத்து இந்த எண்களின் முன் நிற்பதில்லை.

இந்த மரபின் ஒரு கிளை நம் ஊருக்கும் வந்தது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அமெரிக்காவில் பயிற்சி பெற்று, 1980இல் சென்னையில் கணவர் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே குடிநோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே குடும்பத்தினருக்கும் தனியே பயிற்சி உண்டு. அவரும் லோயிஸைப் போலத் தன் அனுபவத்திலிருந்தே பேசத் தொடங்கியவர் என்பதை நாம் கவனிக்கலாம்.

லோயிஸ் 1988இல், தன் 97ஆம் வயதில் மறைந்தார். அவர் தன்னை ஒருபோதும் நளாயினியாகவும் நினைக்கவில்லை, வேலனின் நான்கு வகைகளில் ஒருத்தியாகவும் நினைக்கவில்லை. காலணி வீசிய கையை உற்றுப் பார்த்து, இது எதனால் என்று தன்னையே கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அந்தக் கேள்வியைத் தானாகக் கேட்டுக்கொள்கிற பெண்ணுக்கு இணைச்சார்பு என்ற சொல் ஒரு விளக்காகக் கூடும். அடுத்த வீட்டுப் பெண்ணைச் சுட்டி நாம் அதைச் சொல்லும்போது, அவள் தலையிலிருக்கும் கூடையில் இன்னொரு சுமையை ஏற்றிவைக்கிறோம். அதற்குப் பதில், கொஞ்ச நேரம் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.