கட்டணத் திரைக்குப் பின்னால் ஓடும் கார்கள்

என்னிடம் தமிழ் முதுகலை பயின்று, மணமாகி இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் குடியேறிவிட்ட மாணவி ஒருவர் அவ்வப்போது மின்னஞ்சல் எழுதுவார். பெரும்பாலும் அகநானூற்று உரைகளைப் பற்றிய ஐயங்களாக இருக்கும். சென்ற மாதம் வந்த கடிதம் வேறுவிதமாக இருந்தது. "ஐயா, என் கணவரும் மகனும் கார்ப் பந்தயப் பித்தர்கள். அதைப் பார்ப்பதற்கென்று மாதந்தோறும் கட்டும் சந்தா வீட்டு மின்கட்டணத்தோடு போட்டியிடுகிறது. இங்குள்ள பெரியவர்கள் முன்பெல்லாம் இது இலவசமாகவே வந்தது என்கிறார்கள். எப்போது மாறியது, ஏன் மாறியது என்று உங்களுக்குத் தெரியுமா?"

தமிழாசிரியனிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிலர் எண்ணலாம். நான் பிறந்து வளர்ந்தது கோவையில். எங்கள் ஊரில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் பந்தயத்துக்கும் நெடுநாள் உறவுண்டு. நரேன் கார்த்திகேயன் வளர்ந்த ஊர் அது. எனவே அந்த மாணவி ஆளறிந்தே கேட்டிருக்கிறார். அவருக்கு எழுதிய பதிலைச் சற்றே விரித்து இங்கே தருகிறேன்.

ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் பட்டப் பந்தயங்கள் 1950 மே 13 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் தொடங்கின. ஆறாம் ஜார்ஜ் மன்னரே வந்து பார்த்த பந்தயம் அது. ஆனால் அடுத்த கால் நூற்றாண்டுக்கு மேல், பிரிட்டிஷ் தொலைக்காட்சி இப்பந்தயங்களைத் தொடர்ச்சியாகக் காட்டியதில்லை. ஓரிரு பந்தயங்கள் வரும், மற்றவை வாரா. 1976இல் நடந்தது விசித்திரமானது. முன்னாள் சாம்பியன் ஜான் சர்டீஸ் நடத்திய அணியின் கார்களில் ஆணுறை நிறுவனம் ஒன்றின் பெயர் பெரிய எழுத்துகளில் இருந்தது. குடும்பத்தோடு பார்க்கும் நேரத்தில் இதைக் காட்டுவதா என்று பிபிசி தன் காமிராக்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஜேம்ஸ் ஹன்ட்டுக்கும் நிக்கி லவுடாவுக்கும் இடையே ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் பட்டம் முடிவான ஆண்டு அது. லவுடா தீக்காயங்களோடு உயிர் பிழைத்து ஆறே வாரங்களில் திரும்பி வந்த ஆண்டும் அதுவே. அவ்வாண்டின் பெரும்பகுதியைப் பிரிட்டிஷ் மக்கள் செய்தித்தாளில்தான் படித்தார்கள்.

1978 முதல் பிபிசி முறையாகப் பந்தயங்களைத் தொகுத்துக் காட்டத் தொடங்கியது. மர்ரே வாக்கரின் உரத்த வருணனை, 1980 முதல் அவரோடு இணைந்த ஜேம்ஸ் ஹன்ட்டின் சலிப்பு கலந்த கூர்மை என இரு குரல்களும் ஒரே ஒலிவாங்கியை மாறி மாறிப் பகிர்ந்துகொண்டன. 1993இல் ஹன்ட் இறக்கும்வரை அந்த இணை நீடித்தது. ஞாயிறு மதிய உணவு, அதன்பின் பந்தயம் என்பது பிரிட்டனின் பல வீடுகளில் வழக்கமாயிற்று. இதற்குத் தனிக்கட்டணம் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருப்பதற்கான ஆண்டு உரிமக் கட்டணம் மட்டும்தான்.

இங்கே ஒன்றைக் கேட்க வேண்டும். பார்ப்பவர் தனியாகக் காசு கொடுக்கவில்லை என்றால், பந்தயத்தின் செலவை யார் சுமந்தார்கள்?

பெருமளவுக்குப் புகையிலை நிறுவனங்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் 1965இல் தடைசெய்யப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 1968இல், லோட்டஸ் அணியின் கார்கள் தம் பச்சை வண்ணத்தைக் களைந்து கோல்ட் லீஃப் சிகரெட்டுப் பெட்டியின் சிவப்பு, வெள்ளை, பொன் வண்ணங்களை அணிந்தன. பின்னர் மார்ல்பரோவும் மற்றவையும் வந்தன. விளம்பரமாக வர முடியாத பெயர், மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் செய்தியாகவும் விளையாட்டாகவும் வரவேற்பறைக்குள் நுழைந்தது. பணம் கொடுத்தவருக்கு வேண்டியதெல்லாம் கூடுதல் கண்கள். ஆகவே ஒளிபரப்பு எல்லார்க்கும் திறந்திருப்பதே அவருக்கு ஆதாயம். அக்காலத்து இலவசம் எவருடைய பெருந்தன்மையாலும் வந்ததன்று. பார்வையாளர்களின் நுரையீரலைக் குறிவைத்தவர்கள் கட்டிய கட்டணம் அது. முன்பெல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லும் பெரியவர்கள் இதை நினைவிற்கொள்வது நலம்.

இந்தக் கண்களின் மதிப்பை முதலில் கணக்கிட்டவர் பெர்னி எக்லெஸ்டன். மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் விற்று வளர்ந்தவர். 1970களின் தொடக்கத்தில் பிரபாம் அணியை வாங்கினார். அக்காலத்தில் ஒவ்வொரு பந்தயத்தின் ஒளிபரப்பையும் அந்தந்த ஊர் அமைப்பாளர்கள் தனித்தனியே பேசி முடிப்பார்கள். எந்த அணி வரும், எது வராது என்பதற்கே உறுதி கிடையாது. உறுதியில்லாத சரக்கைத் தொலைக்காட்சிக்கு எப்படி விற்பது? அணிகளுக்கும் உலக அமைப்புக்கும் நடந்த நீண்ட பூசலின் முடிவில், 1981இல் கான்கார்ட் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பாரிஸில் அவ்வமைப்பின் தலைமையகம் இருந்த சதுக்கத்தின் பெயர் அது. அதன்படி அணிகள் எல்லாப் பந்தயங்களிலும் கலந்துகொள்ளக் கடமைப்பட்டன. ஒளிபரப்பு உரிமையை விற்கும் வேலை எக்லெஸ்டன் கைக்கு வந்தது. பின்னாளில், 2001இல், வணிக உரிமைகள் அவருடைய குழுமத்துக்கு நூறாண்டுக் குத்தகையாகவே எழுதிக்கொடுக்கப்பட்டன. நூறாண்டு என்பதை மீண்டும் ஒருமுறை படிக்கவும்.

1997இல் பிரிட்டிஷ் உரிமை பிபிசியிடமிருந்து ஐடிவிக்குப் போயிற்று. கட்டணம் இல்லை, ஆனால் நடுநடுவே விளம்பரம். 2005 ஏப்ரலில் இமோலா பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளில், அலோன்சோவின் பின்சக்கரத்தை ஷூமாக்கர் ஒட்டிக்கொண்டு துரத்திய வேளையில் ஐடிவி விளம்பரத்துக்குப் போனது. ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பே கண்டிக்கும் அளவுக்குப் புகார்கள் குவிந்தன. காசு கேட்காதவன் நேரத்தைக் கேட்பான் என்பது அன்று பலருக்கு உறைத்தது.

கட்டணத் தொலைக்காட்சியின் முதல் முயற்சி இதற்கெல்லாம் முன்பே, 1996இல், ஜெர்மனியில் கிர்ஹ் குழுமத்தின் சேவையில் தொடங்கிவிட்டது. எக்லெஸ்டன் தம் செலவில் ஒரு நடமாடும் தொலைக்காட்சி நகரத்தையே அமைத்தார். விமானங்களில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்ற அந்தக் கூடாரத்துக்குப் 'பேக்கர்ஸ்வில்' என்று செல்லப்பெயர். ஓட்டுநரின் தோளிலிருந்து ஒரு காட்சி, பிட் லேனிலிருந்து ஒரு காட்சி, நேரப் பட்டியலுக்குத் தனி அலைவரிசை என்று பார்ப்பவரே தேர்ந்துகொள்ளலாம். இன்று இணையத்தில் பெருமையாக விற்கப்படுவதெல்லாம் அன்றே அதில் இருந்தது. ஆயினும் சந்தாதாரர்கள் போதிய அளவில் சேரவில்லை. 2002 பருவத்தோடு கடையைக் கட்டினார்கள். கிர்ஹ் குழுமமும் அதே ஆண்டில் திவாலாயிற்று. காரணம் எளிது. அதே பந்தயம் பக்கத்து அலைவரிசையில் இலவசமாக ஓடிக்கொண்டிருந்தது. அருமையான சரக்கை முன்னே வைத்தாலும் மக்கள் காசு கொடுக்கவில்லை. இலவசத்தை எடுத்துவிட்டால் கொடுப்பார்கள். என் பார்வையில், அதன்பின் நடந்ததற்கெல்லாம் இதுவே திறவுகோல்.

2005 ஜூலை இறுதியோடு ஐரோப்பிய ஒன்றியத்தில் புகையிலைப் புரவல் தடைசெய்யப்பட்டது. அதையொட்டியே சிவிசி என்னும் முதலீட்டு நிறுவனம் பெருங்கடன் வாங்கி ஃபார்முலா ஒன்னை வளைத்தது. புரவலர் போய்விட்டார், கடன்காரர் வந்துவிட்டார். பணம் இனி எங்கிருந்து வரும்? பந்தயம் நடத்த ஆசைப்படும் நாடுகளிடமிருந்து ஒருபங்கு. மறுபங்கு தொலைக்காட்சி உரிமையிலிருந்து.

2009இல் பந்தயம் பிபிசிக்குத் திரும்பியது. பழைய தொடக்க இசையும் திரும்பியது. நடுவே விளம்பரம் இல்லாத அந்த மூன்று ஆண்டுகளைப் பிரிட்டிஷ் ரசிகர்கள் இன்றும் பொற்காலம் போலப் பேசுவார்கள். 2010 அக்டோபரில் அரசாங்கம் உரிமக் கட்டணத்தை 145.50 பவுண்டில் ஆறாண்டுக்கு உறையவைத்தது. சிக்கனம் தேடிய பிபிசி, ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு பருவங்கள் இருக்கும்போதே கைவிரித்தது. 2011 ஜூலை 29, ஹங்கேரிப் பந்தயத்துக்கு இரு நாள் முன்னர், அறிவிப்பு வந்தது: அடுத்த ஆண்டு முதல் எல்லாப் பந்தயங்களும் ஸ்கையில் நேரலை, பிபிசியில் பாதி மட்டும் நேரலை, மீதிக்குத் தொகுப்பு.

இதன் பொருளை ஒரு சாதாரண வீட்டின் கண்கொண்டு பார்க்க வேண்டும். கூரையில் டிஷ் பொருத்த வேண்டும். வாடகை வீடென்றால் உரிமையாளரின் இசைவு வேண்டும். வேண்டாத அலைவரிசைகள் கொண்ட அடிப்படைத் தொகுப்பை வாங்கி, அதன்மேல் விளையாட்டுக்கு இன்னொரு தொகை. பந்தயமில்லாத குளிர்கால மாதங்களுக்கும் சேர்த்தே சந்தா. 2013 முதல் இணைய வழியே 9.99 பவுண்டுக்கு ஒரு நாள் சீட்டு கிடைத்தது; அவ்வாண்டின் 19 பந்தய நாள்களுக்கும் வாங்கினால் ஏறத்தாழ 190 பவுண்டு. சனிக்கிழமைத் தகுதிச் சுற்றையும் விடாமல் பார்க்க விரும்புபவர் கணக்கை இரட்டிக்க நேரும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஸ்கையின் ஒளிபரப்பு தரத்தில் குறைந்ததன்று. பயிற்சிச் சுற்று முதல் எல்லாவற்றையும் காட்டினார்கள். பந்தய நடுவே விளம்பரமும் இல்லை. பித்தருக்கு விருந்து, ஞாயிறு மதியம் சும்மா பெட்டியைப் போட்டுப் பார்ப்பவருக்குப் பூட்டிய கதவு.

2015 இறுதியில் பிபிசி முற்றாக விலகி, சேனல் 4 அந்தப் பாதியை ஏற்றது. 2019 முதல் ஸ்கைக்கே தனியுரிமை. பிரிட்டிஷ் பந்தயமும் மற்றவற்றின் தொகுப்பும் மட்டும் சேனல் 4இல். 2022இல் அந்த ஒப்பந்தம் 2029 வரை நீட்டிக்கப்பட்டது. பிரான்சில் 2013இல் கனால் பிளஸ், ஜெர்மனியில் முப்பதாண்டுக்கால ஆர்டிஎல் ஒளிபரப்புக்குப் பின் 2021இல் ஸ்கை என்று கண்டம் முழுவதும் ஒரே கதை. 2017இல் உரிமையை வாங்கிய லிபர்ட்டி மீடியா அடுத்த ஆண்டே சொந்த இணையச் சேவையைத் தொடங்கியது. ஆனால் ஸ்கையின் தனியுரிமையால் பிரிட்டிஷ் ரசிகருக்கு அதன் நேரலை கிடைக்கவில்லை.

சட்டம் தடுக்கவில்லையா என்று மாணவி கேட்டிருந்தார். பிரிட்டனில் தேசிய முக்கியத்துவமுள்ள விளையாட்டுகளை எல்லார்க்கும் கிடைக்கச் செய்ய 1996இன் ஒளிபரப்புச் சட்டப்படி ஒரு பட்டியல் உண்டு. விம்பிள்டன் இறுதியாட்டம் அதில் இருக்கிறது, டெர்பி குதிரைப் பந்தயம் இருக்கிறது. கார்ப் பந்தயம் இல்லை. குதிரைக்குக் கிடைத்த மதிப்பு குதிரைத்திறனுக்குக் கிடைக்கவில்லை.

இதனால் இழந்தது என்ன என்பதற்கு லூயிஸ் ஹாமில்டன் ஒருவரே போதும். 2008 நவம்பர் 2, பிரேசில். கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் ஒரு காரைத் தாண்டி அவர் முதல் பட்டத்தை வென்றபோது, பிரிட்டனில் உச்ச கணத்தில் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் பேர் ஐடிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2020 நவம்பரில் துருக்கியில் அவர் ஏழாம் பட்டத்தை வென்று ஷூமாக்கரின் சாதனையைச் சமன்செய்தபோது, நேரலை சந்தாதாரர்களுக்கு மட்டும். எளிய குடும்பத்தில் பிறந்து, தந்தை பல வேலைகள் பார்த்துச் சேர்த்த காசில் பந்தயத்துக்கு வந்தவர் அவர். அப்படியொரு வீட்டுச் சிறுவன் அவரைப் பார்த்தே கனவு காண வேண்டும் என்றால், அவ்வீட்டில் முதலில் சந்தா இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. இக்கதை முழுவதிலும் என்னை உறுத்துவது இது ஒன்றுதான்.

மறு ஆண்டு டிசம்பரில் ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் தலா 369.5 புள்ளிகளோடு அபுதாபிக்கு வந்தபோது, ஸ்கை அந்த ஒரு பந்தயத்தின் நேரலையைச் சேனல் 4உடன் பகிர்ந்துகொண்டது. சேனல் 4இல் மட்டுமே உச்ச நேரத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். கதவு ஒருநாள் திறந்தபோது வெளியே எத்தனை பேர் நின்றிருந்தார்கள் என்பது தெரிந்தது.

நம் ஊர்க் கதையும் சிறிது. 2003 செப்டம்பரில் சென்னையில் கட்டண அலைவரிசைகளுக்குச் செட்டாப் பாக்ஸ் கட்டாயமாயிற்று. 72 ரூபாய்க்கு இலவச அலைவரிசைகள். விளையாட்டு வேண்டுமென்றால் பெட்டி வாங்க வேண்டும். 2005இல் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்த முதல் இந்தியரானபோது நான் அங்கே ஆய்வு மாணவன். உதவித்தொகையில் பெட்டி வாங்க வழியில்லை; கேபிள்காரரோ முன்பணம் வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் இழுத்தடித்தார். அவ்வாண்டு ஜூனில் இண்டியானபோலிஸில் டயர்ச் சிக்கலால் ஆறே கார்கள் ஓடிய அந்த விநோதப் பந்தயத்தில் நரேன் நான்காவதாக வந்தார். நம் நேரப்படி நள்ளிரவை ஒட்டித் தொடங்கிய பந்தயம் அது. எங்கள் ஊர்க்காரர் புள்ளி எடுத்ததை மறுநாள் நாளிதழில்தான் பார்த்தேன். 2007இல் இங்கும் விளையாட்டு ஒளிபரப்பைத் தூர்தர்ஷனுடன் பகிரச் சட்டம் வந்தது; கிரிக்கெட்டுக்கு அதில் இடமுண்டு, கார்ப் பந்தயத்துக்கு இல்லை. 2023இல் இந்தியத் தொலைக்காட்சியிலேயே பந்தயம் இல்லாமற்போய் இணையத்துக்குப் போயிற்று. 2024இல் ஃபேன்கோடு வந்தது.

இவற்றைச் சுருக்கி மாணவிக்கு அனுப்பினேன். பதில் வந்திருக்கிறது. சந்தாவை நிறுத்திவிட்டார்களாம். இப்போது ஞாயிறு இரவு இலவசத் தொகுப்புக்காகக் காத்திருக்கிறார்கள். அதுவரை வீட்டில் எவரும் கைப்பேசியைத் தொடக்கூடாது, முடிவு தெரிந்துவிடும். ஊரிலிருந்து வரும் அழைப்புகளில் திருப்பூரிலுள்ள மாமியாருடையதை மட்டும் எடுப்பார்களாம். அவருக்குப் பந்தயம் பற்றி ஒன்றும் தெரியாது.