சங்கிலி வாளும் அதைப் பிடித்த கைகளும்

இலங்கையில் உள்ள சங்கிலி வாள்களைப் பொலிஸ் நிலையங்களில் பதிவுசெய்ய வேண்டுமென 2018 இல் அரசாங்கம் பணித்தது. காடழிப்பைக் கட்டுப்படுத்துவதே அதன் நோக்கம். மரத்தைக் காப்பதற்காக வாளைக் கண்காணிப்பது நியாயமானதே. எனினும் அந்த வாளின் வரலாற்றைப் புரட்டும்போது, காக்கப்பட வேண்டிய மற்றொன்றும் கண்ணில் படுகிறது. அது வாளைப் பிடிக்கும் தொழிலாளியின் கை.

சங்கிலியில் பற்களைக் கோத்து அறுக்கும் எண்ணம் முதலில் தோன்றியது மருத்துவத்தில். 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கொட்லாந்து மருத்துவர்களான ஜோன் எயிற்கின், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகியோர் எலும்பை அறுப்பதற்கு நுண்ணிய பற்களுடைய சிறு சங்கிலியைப் பயன்படுத்தினர். அது கையால் இழுக்கப்பட்ட கருவி. காடுகளிலோ, கோடரியும், இருவர் இரு முனைகளிலும் நின்று இழுக்கும் நீண்ட வாளுமே 20 ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் ஆட்சி செய்தன.

ஜேர்மனியரான அந்திரேயாஸ் ஸ்டீல் 1926 இல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி வாளொன்றைச் செய்தார். அதன் எடை 64 கிலோ. தூக்குவதற்கு இருவர் வேண்டும். மின்சாரம் எட்டாத காட்டில் அதனால் பயனும் இல்லை. மறு ஆண்டு எமில் லேர்ப் என்பவர் தமது பெற்றோல் வாளைத் தூரிங்கியாவின் டொல்மார் மலையில் சோதித்துப் பார்த்தார். அம்மலையின் பெயரே பின்னர் அவரது வாள்களின் பெயராயிற்று. 1929 இல் ஸ்டீலும் 46 கிலோ எடையுள்ள பெற்றோல் வாளைக் கொண்டுவந்தார்.

இயந்திரம் இவ்வாறு முன்னேறியபோதும் சங்கிலி பின்தங்கியே இருந்தது. அதன் பற்கள் கைவாளின் பற்களை ஒத்தவை. அவை மரத்தைச் சுரண்டின, விரைவில் மழுங்கின, தீட்டுவதற்கு நெடுநேரம் பிடித்தது. 1946 இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரத்தொழில் செய்துவந்த ஜோசப் கொக்ஸ், கட்டையைக் குடைந்து சென்ற வண்டின் புழுவொன்றைக் கூர்ந்து கவனித்தார். நாரின் போக்கு எதுவாயினும் அது தன் தாடைகளை இடமும் வலமுமாக அசைத்து எளிதாக முன்னேறியது. அந்தத் தாடையைப் பின்பற்றி, வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறிமாறி மரத்தைச் செதுக்கும் பற்களை அவர் உருக்கில் அமைத்தார். 1947 இல் போர்ட்லண்ட் நகரில் தமது வீட்டின் நிலவறையில் உற்பத்தியைத் தொடங்கினார். இன்றைய சங்கிலிகளின் மூலவடிவம் அதுவே.

1959 இல் ஸ்டீல் நிறுவனத்தின் ‘கொன்ட்ரா’ வந்தபோது எடை 12 கிலோவாகக் குறைந்திருந்தது. ஒருவரே மரத்தைத் தறிக்கலாம் என்ற நிலை உறுதியாயிற்று. இருவர் பகிர்ந்த சுமையோடு, அதிர்வு முழுவதும் அந்த ஒருவரின் கைகளுக்கே வந்து சேர்ந்தது.

அதன் விளைவை உலகுக்குக் காட்டியது ஜப்பான். 1954 இல் பெருஞ்சூறாவளியொன்று ஹொக்கைடோவின் காடுகளை வீழ்த்தியது. விழுந்த மரங்களை அகற்றும் தேவை, அந்நாட்டில் சங்கிலி வாள் பரவுவதற்கு வழிகோலியது. சில ஆண்டுகளில் அரச காடுகளின் தொழிலாளருக்குக் குளிர் காலையில் விரல்கள் இரத்தமிழந்து வெளுத்தன, உணர்வு மரத்துப்போனது. வெண்மெழுகு நோய் என மக்கள் அதனை அழைத்தனர். 1960களில் அது தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டது. தொழிற்சங்கத்தின் போராட்டத்தால், வாளை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இயக்கலாகாது என்ற வரம்பும் பிறந்தது.

இதில் வேதனைக்குரிய செய்தி, அந்த நோய் புதியதன்று என்பதே. அமெரிக்க மருத்துவர் அலிஸ் ஹமில்டன் 1918 இலேயே, காற்றழுத்தச் சுத்தியல் பிடித்த இந்தியானா மாநிலக் கல்லுடைப்போரின் வெளுத்த விரல்களை ஆராய்ந்து எழுதியிருந்தார். கல்லுடைப்போரிடம் கற்ற பாடம் காட்டுக்கு வந்துசேர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. 1960களின் நடுப்பகுதியிலேயே கைப்பிடியை இயந்திரத்திலிருந்து பிரிக்கும் அதிர்வுத் தாங்கிகள் வந்தன. பட்டையின் நுனி மரத்தில் முட்டினால் வாள் முகத்தை நோக்கி எகிறும். அவ்வேளை சங்கிலியை நொடிக்குள் நிறுத்தும் தடுப்பு 1970களில் பரவியது.

எனவே, வாளைத் தெரிவுசெய்பவர் குதிரை வலுவை மட்டும் பார்ப்பது போதாது. தறிக்கும் மரத்தின் பருமனுக்கு ஏற்ற பட்டையா, சங்கிலித் தடுப்பு இயங்குகிறதா, அதிர்வுத் தாங்கிகள் இறுகிப் போகாமலும் வெடிக்காமலும் உள்ளனவா, உதிரிப்பாகங்கள் அண்மையில் கிடைக்குமா என்பவற்றையே முதலில் கேட்க வேண்டும். பழைய வாளை மலிவாக வாங்குவோர் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ளல் நன்று.

பேணுவதும் பெரும்பாலும் சங்கிலியைப் பற்றியதே. கூரிய பல் மரத்தைச் செதில்களாக வெட்டி எறியும். மழுங்கிய பல் மாவாகத் தூளாக்கும். தூளைக் கண்டதும் அரத்தை எடுக்க வேண்டும். எல்லாப் பற்களும் ஒரே கோணத்தில், ஒரே நீளத்தில் இருத்தல் அவசியம். இல்லையேல் வெட்டு ஒருபுறம் சாயும். சங்கிலி பட்டையோடு படிந்தும், கையுறை அணிந்த கையால் இழுத்தால் ஓடியும் இருக்க வேண்டும். எண்ணெய் வற்றினால் பட்டை தேயும். மழுங்கிய வாளை மனிதன் தன் உடலால் அழுத்துகிறான். அதிர்வும் ஆபத்தும் அங்கேதான் பெருகுகின்றன.

போர்க்களத்து மரங்கள் இன்னும் கொடியவை. 1944 இல் ஹூர்ட்கன் காட்டில் நடந்த சமரின் குண்டுச் சிதறல்கள், பின்னர் நெடுங்காலம் ஜேர்மனிய மரக்காலைகளின் வாள்களைச் சிதைத்தன. 2009 வரை போர் நிகழ்ந்த நமது வடக்கு, கிழக்கின் மரங்களைத் தறிப்போரும் உலோகமானியால் அடிமரத்தைச் சோதித்துவிட்டுத் தொடங்குவதே அறிவுடைமை.

ஜப்பானியத் தொழிலாளருக்குச் சங்கம் இருந்தது. ஊருக்கு ஊர் நாட்கூலிக்கு மரந்தறிக்கச் செல்பவருக்கு அது இல்லை. வாளை வாங்குபவர் ஒருவர். அதிர்வைச் சுமப்பவர் இன்னொருவர். பதிவுப் புத்தகத்தில் வாளின் இலக்கத்தை எழுதும் அதிகாரி, அதன் தடுப்பு இயங்குகிறதா என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், காட்டோடு சில கைகளும் காக்கப்படும்.