கைப்பிடியும் நாடாவும்

மில் என்ற சொல்லைக் கேட்டால் வீரமுனையிலும் சம்மாந்துறையிலும் நெல் குற்றும் ஆலைதான் எவர்க்கும் நினைவுக்கு வரும். வயல் சூழ்ந்த ஊர்களில் அது இயல்பே. ஆயின் நாம் இங்கே பேசப் புகுவது வேறொரு மில்லைப் பற்றி. சுழலும் பல்வெட்டியால் இரும்பைச் சீவியெடுக்கும் மில்லிங் யந்திரம் அது. நெல் ஆலையில் தேய்ந்துபோன பற்சக்கரத்துக்கு மாற்றுச் சக்கரம் வெட்டித் தருவது இத்தகைய யந்திரமே. யந்திரங்களைப் பெற்றெடுக்கும் யந்திரம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

வார்ப்பிரும்பு உடல் கெடாமல், கைப்பிடிகள் தேய்ந்த பழைய மில்லிங் யந்திரங்களுக்கு மோட்டாரும் கணினியும் பூட்டிப் புதுவாழ்வு கொடுக்கும் வேலை இன்று பல நாடுகளில் நடக்கிறது. இதனை இந்நாளின் புதுமை எனக் கருதுவோர் உளர். சரித்திரம் வேறு விதமாக இருக்கிறது. எண்களால் இயக்கப்பட்ட முதல் மில்லிங் யந்திரமே, ஏற்கனவே இருந்த ஒரு யந்திரத்தை எடுத்து மாற்றியமைத்ததுதான்.

இக்கதையின் வேர் நெசவில் இருக்கிறது. கல்முனையை அடுத்த மருதமுனையின் கைத்தறிகளைக் கண்டவர்களுக்கு அது எளிதில் விளங்கும். பூவேலை நெய்ய வேண்டுமானால் பாவு நூல்களில் எவை எழவேண்டும், எவை தாழவேண்டும் என்பதை ஒவ்வோர் ஊடைக்கும் யாரோ ஒருவர் தீர்மானிக்க வேண்டும். பிரான்சின் லியோன் நகரில் ஒரு சிறுவன் தறியருகே நின்று அந்நூல்களை இழுத்துக் கொடுத்தான். 1804இல் ஜக்கார் அமைத்த கருவி தறியின் தலைமேல் ஏறி அமர்ந்தது; துளையிட்ட அட்டைகள் சிறுவனின் வேலையை ஏற்றன. தறி பழையது, தலை புதியது. 1831இல் அந்நகர நெசவாளர் கிளர்ந்தெழுந்தபோது அவர்கள் கேட்டது அட்டைகளை எரிப்பதற்கல்ல, தம் நெசவுக்குக் குறைந்தபட்சக் கூலி விகிதம்! யந்திரத்தையும் அதன் உடைமையையும் வேறு பிரித்தறிய அவர்களுக்கு எந்தப் பேராசிரியரும் தேவைப்படவில்லை.

இனி 1949க்கு வருவோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகொப்டர் இறகுகள் செய்துவந்த ஜோன் பார்சன்ஸ் என்பவர், வளைவான வடிவங்களின் புள்ளிகளை எண்களாகக் கணித்து அவற்றின்படி யந்திரத்தை நகர்த்தலாம் என்று கருதினார். அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. வேலை மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுகூடத்துக்குச் சென்றது. ஒரு சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் யந்திரத்தை எடுத்துத் திருத்தி, துளையிட்ட காகித நாடாவின் ஏழு வரிசைகளால் 1952இல் அதனை இயக்கிக் காட்டினர். அதனை ஆண்ட மின்குழல் பெட்டிகள் யந்திரத்தின் அளவுக்கே இடத்தை அடைத்துக்கொண்டனவாம்!

இங்கே ஒரு செய்தியை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அதே காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் 1940களின் பிற்பகுதியில் செய்து பார்த்த முறையில், தேர்ந்த தொழிலாளி முதல் உருப்படியைத் தன் கையாலேயே வெட்டுவார். அவரது அசைவுகள் காந்த நாடாவில் பதியும். பின்னர் நாடா அவற்றைத் திருப்பிச் செய்யும். அங்கே நிரலை எழுதியது தொழிலாளியின் கை. எண்முறையிலோ, வரைபடத்தைப் பார்த்து அலுவலக மேசையில் பொறியியலாளர் எழுதுவார்; பட்டறையில் நிற்பவர் பொத்தானை அழுத்துவார். அந்நிறுவனத்தில் வேலை பார்த்த கர்ட் வானகட் 1952இல் வெளியிட்ட ‘பிளேயர் பியானோ’ நாவலில், ரூடி ஹெர்ட்ஸ் என்னும் கடைசல் தொழிலாளியின் கையசைவுகளை நாடாவில் பிடித்தபின் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே பதிவுமுறையும் தொழிலாளிக்குத் தானாகவே நன்மை செய்துவிடாது என்பதை நாவலாசிரியர் அன்றே கண்டிருந்தார்.

எண்முறை ஏன் வென்றது? விமான இறக்கையின் நுண்வளைவுகளைக் கையால் வெட்டுவது மிகக் கடினம் என்பது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சாதாரண உருப்படிகளுக்கும் அம்முறையே ஏன் பரவியது என்பதற்கு அது விடையாகாது. விமானப்படை தன் செலவில் நூற்றுக்கு மேற்பட்ட யந்திரங்களைத் தொழிற்சாலைகளில் நிறுவியது. அத்துடன், பட்டறையின் அறிவைத் தொழிலாளியிடமிருந்து பிரித்து நிர்வாகத்தின் கைக்குக் கொண்டுபோகும் வேட்கையும் சேர்ந்தது என்று டேவிட் நோபிள் 1984இல் வெளியிட்ட ஆய்வு நூலில் வாதிட்டார். நமக்கும் அதுவே சரியெனப் படுகிறது. லின் நகரத்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலையில் 1960களின் இறுதியில் மேற்பார்வையாளரின்றித் தொழிலாளரே எண்முறை யந்திரங்களை நடத்திப் பார்க்கும் சோதனை தொடங்கிற்று. சில ஆண்டுகளில் நிர்வாகமே அதை முடித்துவைத்தது.

இன்றைய மாற்றியமைப்பில் நடப்பதென்ன? மேசையை நகர்த்தும் திருகுத்தண்டு பழைய யந்திரத்தில் தேய்ந்திருக்கும். கைப்பிடியைத் திசைமாற்றித் திருப்பினால் சிறிது தூரத்துக்கு மேசை அசையாது. இந்த ஆட்டத்தை அனுபவமுள்ள தொழிலாளியின் விரல்கள் அறியும். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவை அணுகி அவர் அதை வென்றுவிடுவார். கணினிக்கு விரல்கள் இல்லை. ஆகவே குண்டுகள் உருளும் புதிய திருகுத்தண்டைப் பூட்ட வேண்டும். இயலாவிட்டால் ஆட்டத்தை அளந்து எண்ணாக எழுதிக்கொடுக்க வேண்டும். அப்படியும் பல்வெட்டி மேசையைத் தன்பால் இழுக்கும்போது எண் மட்டும் காப்பாற்றாது.

அந்த எண்ணை எழுதுவதற்கான மென்பொருள் விலைக்கு வாங்க வேண்டியதன்று. அமெரிக்க அரசின் தர, தொழில்நுட்ப நிறுவனம் 1990களில் உருவாக்கிய கட்டுப்பாட்டு நிரல், அரசுப் படைப்பாதலால் பதிப்புரிமையின்றிப் பொதுவுக்கு வந்தது. லினக்ஸ்சிஎன்சி என்ற பெயரில் உலகெங்குமுள்ள தன்னார்வலர் அதனை வளர்த்துவருகின்றனர். சாதாரண மேசைக் கணினியே அதற்குப் போதும். அதன் அமைப்புக் கோப்பில் ஒவ்வோர் அச்சின் ஆட்டத்துக்கும் ஒரு வரி இருக்கிறது. ஒருவரே உழைக்கும் சிறு பட்டறையில் அந்த வரியை நிரப்புபவர், நேற்றுவரை கைப்பிடியைச் சுழற்றியவரே.