கிர்ட்லண்ட் கதிர்க்குருவி: சூழல் பொருத்தமும் எண்ணிக்கைப் போக்கும்

சூழல் பொருத்தம் என்பது ஓர் உயிரினம் பிழைக்கவும் பெருகவும் வேண்டிய நிலம், தட்பவெப்பம், உணவு, மறைவிடம் ஆகியவை ஓரிடத்தில் எந்த அளவுக்குக் கூடியிருக்கின்றன என்பதைக் குறிக்கும். அருகிவரும் பறவைகளின் எண்ணிக்கை ஏறுவதையும் இறங்குவதையும் பெரிதும் தீர்மானிப்பது இதுவே. ஆனால் இப்பொருத்தம் ஓர் இடத்துக்கு என்றென்றைக்கும் வாய்த்த குணம் அன்று. காலத்தோடு வந்து காலத்தோடு கழிவது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கூடுகட்டும் கிர்ட்லண்ட் கதிர்க்குருவியின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

சுமார் 14 கிராம் எடையுள்ள, மஞ்சள் வயிறு கொண்ட இப்பறவை, மணற்பாங்கான நிலத்தில் வளரும் ஜாக் பைன் மரங்களின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில், தரையிலேயே கூடு கட்டுகிறது. மரங்களுக்கு ஏறத்தாழ 5 வயதாகும்போது குடியேறும். 20 வயதைக் கடந்தால் அந்தக் காட்டைக் கைவிட்டுவிடும். முதிர்ந்த மரங்களின் கீழ்க்கிளைகள் நிழலில் பட்டுப்போவதால் கூட்டுக்கு மறைப்பு இல்லாமல் போவதே காரணம். ஜாக் பைனின் கூம்புகள் பிசினால் இறுகி மூடியிருப்பவை. பெரும்பாலும் தீயின் வெப்பத்தில்தான் அவை விரிந்து விதை சிந்தும். இருபதாம் நூற்றாண்டில் காட்டுத்தீயைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் வலுத்தபோது, பரப்பளவில் காடு இருந்தது, இளங்காடு அருகியது. 1951இல் நடந்த முதல் கணக்கெடுப்பில் பாடும் ஆண் பறவைகள் 432, 1961இல் 502, 1971இல் 201 மட்டுமே.

இந்த வீழ்ச்சிக்கு வேறொரு காரணமும் சொல்லப்பட்டது. பழுப்புத்தலைக் கௌபேர்ட் என்னும் பறவை, குயிலைப் போல, பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும். இக்கதிர்க்குருவியின் கூடுகளில் பெரும்பாலானவை அதற்கு இலக்காகிக்கொண்டிருந்தன. 1972 முதல் கௌபேர்ட்களைப் பொறிவைத்துப் பிடித்தனர். குஞ்சு பொரித்து வெளியேறும் வீதம் பலமடங்கு கூடியது. சரிவு நின்றது; ஆயினும் எண்ணிக்கை ஏறவில்லை. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அது 200ஐ ஒட்டியே நின்று, 1987இல் 167 ஆகியது. பிறந்த குஞ்சுகள் வளர்ந்து கூடுகட்ட இளங்காடு போதவில்லை என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். 1980 மே மாதம் மிச்சிகனின் மாக் ஏரிப் பகுதியில், திட்டமிட்டு மூட்டிய தீ கைமீறிச் சுமார் 24,000 ஏக்கரை எரித்தது. அங்கே முளைத்த மரங்கள் உரிய வயதை எட்டியபின், நட்டு வளர்த்த காடுகளும் துணைசேர, 1995இல் பாடும் ஆண்கள் 700ஐயும் 2001இல் 1,000ஐயும் தாண்டின. கௌபேர்ட் ஒழிப்பு அழிவைத் தடுத்திருக்கலாம்; பெருக்கத்தைத் தந்தது காட்டின் வயதே.

கூடுகட்டும் நிலத்தை மட்டும் பார்ப்பது குறையல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இப்பறவை குளிர்காலத்தைப் பெரும்பாலும் பஹாமாஸ் தீவுகளில் கழிக்கிறது. அங்கே மார்ச் மாதத்தில் மழை குறைந்தால் உணவு குறைந்து, உயிர்பிழைக்கும் வாய்ப்பும் குறைகிறது. இந்தியாவின் பாறுகள் இன்னும் கடுமையான எச்சரிக்கை. மரங்களும் மாட்டுச் சடலங்களும் இருந்தபடியே இருக்க, 1990களின் தொடக்கம் முதல் பதினைந்தே ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் மடிந்தன. கால்நடைக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து சடலத்தின் வழியே அவற்றைக் கொன்றது. இச்சான்றுகள் சூழல் பொருத்தம் என்னும் கருத்தைத் தகர்க்கவில்லை, அதை விரிக்கின்றன: வலசையின் இரு முனைகளையும், உண்ணும் உணவில் உள்ள நஞ்சையும் சேர்த்தே பொருத்தத்தை அளக்க வேண்டும்.

2019இல் கிர்ட்லண்ட் கதிர்க்குருவி அமெரிக்காவின் அருகிவரும் இனங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மாக் ஏரித் தீ ஓர் உயிரையும் பல வீடுகளையும் பறித்தது; அதனால் தீயின் வேலையை இப்போது பெரும்பாலும் மனிதரே செய்கின்றனர். முதிர்ந்த ஜாக் பைன்களை வெட்டி, இடையிடையே திறந்த வெளி விட்டுக் கன்றுகளை நடுகின்றனர். பட்டியலிலிருந்து நீங்கியது பணி முடிந்ததற்கு அடையாளம் அன்று. இன்று பறவை பாடும் காடு இன்னும் பதினைந்து ஆண்டுகளில் அதற்கு உதவாது. அப்போது அது கூடுகட்டப்போகும் காட்டின் கன்றுகளை இப்போதே நட்டாக வேண்டும்.